பேனலைத் திறப்பது பாதி வேலைதான்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். கருப்பூர் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறீர்கள். பெரியார் பல்கலைக்கழக மாணவர்களின் தீசிஸ்தான் முக்கிய வேலை. வேர்டில் இடது பக்கம் தலைப்புகளைக் காட்டும் நேவிகேஷன் பேன், வலது பக்கம் எழுத்து அமைப்புகளைக் காட்டும் ஸ்டைல்ஸ் பேன் (பேன், பேனல் என்பது திரையின் ஓரத்தில் திறக்கும் பட்டை) இரண்டையும் திறந்தால் நடுவில் தாள் சுருங்கிப்போகிறது. மூடிவிட்டால் மறுபடி திறக்க மெனுவில் தேட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கீயில் திறந்து மூட முடியுமா, பழைய கையேடு ஒன்றில் கன்ட்ரோல் + எஃப்1 என்று போட்டிருக்கிறது, ஆனால் அதை அடித்தால் மேலே பட்டன்கள் இருக்கும் ரிப்பன்தான் மறைகிறது, ஏன்? வேர்டைப் போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸிலும் இதே கீகள்தானா? இவ்வளவும் கேட்டுவிட்டு, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “நாலைந்து ஷார்ட்கட் மனப்பாடம் செய்துவிட்டேன், ஆனாலும் கை மவுஸுக்குத்தான் போகிறது.” மற்ற கேள்விகளுக்கெல்லாம் மூலம் இந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் பதிலையும் அதைச் சுற்றியே எழுதுகிறேன்.

நான் சேலத்தில் டைப்ரைட்டிங்கும், அரசுத் தேர்வுக்கான கம்ப்யூட்டர் ஆபீஸ் ஆட்டோமேஷன் பாடமும் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறவன். விண்டோஸில் வேர்டு, விண்டோஸிலும் லினக்ஸிலும் லிப்ரே ஆபீஸ், இவ்வளவுதான் என் எல்லை. மேக் கணினியில் நான் வேலை பார்த்ததில்லை, அதைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நேரடிக் கேள்விகளுக்கு நேரடி விடை. வேர்டில் திறந்திருக்கும் பேன்களை எல்லாம் ஒரே அடியில் மறைக்கும் கீ, இயல்பாக அமைத்துக் கொடுத்தபடி, கிடையாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கீ. லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கிட்டத்தட்ட உண்டு: கன்ட்ரோல் + எஃப்5 அடித்தால் வலது பக்க சைடுபார் முழுசாக மறையும், திரும்ப அடித்தால் வரும். உங்கள் கையேடும் பொய் சொல்லவில்லை. வேர்டு 2002-இல் டாஸ்க் பேன் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேர்டு 2003 காலத்தில் கன்ட்ரோல் + எஃப்1 அதைத் திறந்து மூடும். 2007-இல் மெனு போய் ரிப்பன் வந்தபோது அதே கீயை ரிப்பனைச் சுருக்குவதற்குக் கொடுத்துவிட்டார்கள். கையேடு 2003-க்கு எழுதியதாக இருக்கும். நம் ஊர்ப் பழைய புத்தகக் கடைகளில் கிடைக்கும் கம்ப்யூட்டர் புத்தகங்களில் பாதி இந்த ரகம்தான். வாங்குமுன் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று முன்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பேனல் திரையில் தெரிவது வேறு, நம் கீபோர்டு அந்தப் பேனலுக்குள் இருப்பது வேறு. ஷார்ட்கட் பட்டியல்கள் எல்லாம் திறப்பதை மட்டும்தான் சொல்லித்தரும். திறந்த பிறகு உள்ளே போவது எப்படி, வேலை முடிந்து தாளுக்குத் திரும்புவது எப்படி என்று சொல்வதில்லை. அந்த இடத்தில்தான் கை மவுஸைத் தேடுகிறது. மவுஸைப் பிடித்தபின் மூடுவதையும் அதிலேயே செய்துவிடுகிறோம், மனப்பாடம் செய்த ஷார்ட்கட் இப்படித்தான் வீணாகிறது.

உள்ளே போகவும் வெளியே வரவும் உள்ள கீ எஃப்6. வேர்டிலும் அதுதான், லிப்ரே ஆபீஸிலும் அதுதான். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் கீபோர்டின் பிடி ஆவணத்திலிருந்து ஸ்டேட்டஸ் பார், ரிப்பன் அல்லது டூல்பார், திறந்திருக்கும் பேனல்கள் என்று ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி ஆவணத்துக்கே வந்து சேரும். ஷிஃப்ட் + எஃப்6 எதிர்த் திசையில் சுற்றும். எத்தனை அடியில் எந்தப் பேனல் வரும் என்று எண்ணி மனப்பாடம் செய்ய வேண்டாம். அப்போது என்னென்ன திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும், பதிப்பைப் பொறுத்தும் அது மாறும். அடித்துவிட்டுத் திரையைப் பாருங்கள். ஆவணத்தில் கர்சர் சிமிட்டுவது நின்று, பேனலில் ஏதாவது ஒரு பட்டனைச் சுற்றியோ வரியைச் சுற்றியோ கட்டம் விழுந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். உள்ளே டேப் கீயும் அம்புக்குறிகளும் நகர்த்தும், என்டர் தேர்ந்தெடுக்கும்.

எஃப்6-ஐ என்னைவிட நன்றாகப் பயன்படுத்துகிறவர்கள் பார்வையற்ற மாணவர்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் வைத்து வேர்டில் வேலை செய்கிறவர்களுக்குப் பேனல் தெரிகிறதா என்பது பொருட்டே இல்லை, பிடி எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. உங்கள் கடைக்கு அப்படி யாராவது வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கவனியுங்கள், நான் எழுதுவதைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

வேர்டில் பேனுக்குள் வந்துவிட்டால் இன்னொரு நல்ல கீ இருக்கிறது: கன்ட்ரோல் + ஸ்பேஸ். அந்தப் பேனுக்கான சிறு மெனு திறக்கும். மூவ், சைஸ், குளோஸ் என்று இருக்கும். சைஸ் தேர்ந்து அம்புக்குறியால் அகலத்தைக் குறைக்கலாம். தாள் சுருங்குகிறது என்ற உங்கள் குறைக்கு, மூடுவதைவிட ஒல்லியாக்குவதே பல சமயம் போதும். ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். பிடி பேனுக்குள் வராமல் ஆவணத்திலேயே இருக்கும்போது கன்ட்ரோல் + ஸ்பேஸ் அடித்தால், தேர்ந்தெடுத்திருக்கும் எழுத்துகளுக்குக் கையால் போட்ட போல்டு, சாய்வு, எழுத்துரு எல்லாம் கழன்றுவிடும். முழுப் பக்கத்தையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தால் கதை முடிந்தது. உடனே கன்ட்ரோல் + இசட் அடித்தால் திரும்பி வரும், கவனிக்காமல் மேலே தட்டச்சு செய்துகொண்டே போனால்தான் வம்பு.

அடுத்து வேர்டின் தனித்தனி பேன்கள். உங்கள் வேலைக்கு நேவிகேஷன் பேன்தான் உயிர். கன்ட்ரோல் + எஃப் அதைத் திறக்கும், ஆனால் கர்சர் தேடல் பெட்டியில் போய் நிற்கும். தலைப்புகள் மட்டும் வேண்டுமென்றால் ஆல்ட் கீயை அடித்துவிட்டு, பிறகு டபிள்யூ, பிறகு கே. அதே வரிசையை மறுபடி அடித்தால் மூடும். திறந்ததும் எஃப்6-இல் உள்ளே போய், மேல் கீழ் அம்புக்குறியால் இயல் 4 வரை இறங்கி என்டர் அடித்தால் கர்சர் அந்தத் தலைப்புக்குத் தாவும். தலைப்பின் மேல் நின்று ஷிஃப்ட் + எஃப்10 அடித்தால் ரைட் கிளிக் மெனு வரும். தலைப்பின் நிலையை ஏற்றுவது, இறக்குவது, அந்தத் தலைப்பையும் கீழுள்ள பகுதியையும் மொத்தமாகத் தேர்ந்தெடுப்பது, அந்தப் பகுதியை மட்டும் பிரின்ட் எடுப்பது எல்லாம் அதில் உண்டு. சேலம் மாவட்டத்து ஜவ்வரிசி ஆலைகளைப் பற்றிய தீசிஸில் வழிகாட்டி மூன்றாம் இயலை மட்டும் கேட்கிறார் என்று வையுங்கள், பக்க எண் தேடி அலைய வேண்டியதில்லை.

இதில் ஒரு நிபந்தனை. தலைப்புகள் வேர்டின் ஹெடிங் ஸ்டைலில் (தலைப்புக்கென்றே உள்ள ஆயத்த அமைப்பில்) இருந்தால்தான் பேனில் தெரியும். மாணவர் கொண்டுவரும் ஃபைலில் ‘இயல் ஒன்று’ என்பதை வெறும் போல்டாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார், பேன் காலியாக நிற்கும். கோளாறு பேனில் இல்லை. தலைப்பு வரியில் நின்று கன்ட்ரோல் + ஆல்ட் + 1 அடித்தால் முதல் நிலைத் தலைப்பு, 2, 3 அடித்தால் அடுத்த நிலைகள். முதல் அரை மணி நேரம் இதற்குச் செலவானாலும் பொருளடக்கம் தானாக உருவாகும்போது அது வட்டியோடு திரும்பி வரும்.

ஒரு பகுதியை முழுசாக இடம் மாற்றுவதற்கு மட்டும் நேவிகேஷன் பேன் மவுஸைத்தான் எதிர்பார்க்கிறது, இழுத்துப் போட வேண்டும். கீபோர்டில் செய்ய வேண்டுமென்றால் பேனை விட்டுவிடுங்கள். கன்ட்ரோல் + ஆல்ட் + ஓ அடித்து அவுட்லைன் காட்சிக்குப் போய், ஆல்ட் + ஷிஃப்ட் + 1 அடித்தால் முதல் நிலைத் தலைப்புகள் மட்டும் நிற்கும். நகர்த்த வேண்டிய தலைப்பில் நின்று ஆல்ட் + ஷிஃப்ட் + மேல் அம்பு அல்லது கீழ் அம்பு அடித்தால், அதன் கீழ் மடங்கியிருக்கும் எல்லாமும் கூடவே நகரும். கன்ட்ரோல் + ஆல்ட் + பி (P) பழைய காட்சிக்குத் திருப்பும். வைவாவுக்கு முந்தைய வாரம் “இயல் இரண்டையும் மூன்றையும் மாற்றுங்கள்” என்று வந்து நிற்கிறவர்களுக்கு இது ஒரு நிமிட வேலை.

ஸ்டைல்ஸ் பேனுக்கு கன்ட்ரோல் + ஆல்ட் + ஷிஃப்ட் + எஸ். என்னைக் கேட்டால் அது எந்நேரமும் திறந்திருக்கத் தேவையில்லை. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ் அடித்தால் அப்ளை ஸ்டைல்ஸ் என்று ஒரு சின்னப் பெட்டி வரும். ஸ்டைல் பெயரின் முதல் சில எழுத்துகளை அடித்து என்டர் தட்டினால் போதும். வலது பக்கப் பேனை நிரந்தரமாக மூடிவிடலாம், உங்கள் இடநெருக்கடியில் பாதி அங்கேயே தீரும். ஷிஃப்ட் + எஃப்1 ரிவீல் ஃபார்மட்டிங் பேனைத் திறக்கும், கர்சர் நிற்கும் இடத்தில் எழுத்துரு என்ன, அளவு என்ன, ஓரம் எவ்வளவு என்று வரிசையாகக் காட்டும். நாலு பேர் தட்டச்சு செய்த தீசிஸில் எந்தப் பத்தி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வந்தது, எது யூனிகோட் என்று பிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஷிஃப்ட் + எஃப்7 இணைச்சொற்களைக் காட்டும் தெசாரஸ் பேன், தமிழ் வேலைக்கு அதனால் பயன் குறைவு. திருத்தங்களைப் பட்டியலிடும் ரிவ்யூயிங் பேன் திறந்து கிடந்தால் ஆல்ட் + ஷிஃப்ட் + சி மூடும்.

சில பேன்கள் கேட்காமலே திறக்கின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். அடிக்கடி வருவது கிளிப்போர்டு பேன்தான். கன்ட்ரோல் + சி இரண்டு முறை அடுத்தடுத்து அடித்தால் அது திறக்கும்படி ஒரு அமைப்பு இருக்கிறது. அந்தப் பேனின் அடியில் உள்ள ஆப்ஷன்ஸ் பட்டனில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, கரன்ட் போய் வந்த பிறகு இடது பக்கம் திறக்கும் டாக்குமென்ட் ரெகவரி. இதை மட்டும் அவசரத்தில் மூடிவிடாதீர்கள். வேர்டு தன் இயல்பான அமைப்பில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துவைக்கும் பிரதி அதில்தான் இருக்கும். பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாகத் திறந்து, நீங்கள் கடைசியாகச் சேமித்ததைவிட எது புதியது என்று பார்த்து, வேறு பெயரில் சேமித்த பிறகு மூடுங்கள். யுபிஎஸ் இல்லாத கடை என்றால் அந்த 10-ஐ 2 அல்லது 3 ஆக்கிவிடுங்கள், ஃபைல் மெனுவின் ஆப்ஷன்ஸில் சேவ் பகுதியில் இருக்கிறது. அப்படியே கன்ட்ரோல் + எஸ் பழக்கத்தையும் விட வேண்டாம்.

லிப்ரே ஆபீஸ் பற்றிச் சுருக்கமாக. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி முழுக்க இதில்தான் கடிதம் எழுதுகிறார், சின்ன லேப்டாப், மவுஸே கிடையாது. அவருக்கு நான் சொன்னது இதுதான். சைடுபாருக்கு கன்ட்ரோல் + எஃப்5, ஸ்டைல்களுக்கு எஃப்11, தலைப்புகளைக் காட்டும் நேவிகேட்டருக்கு எஃப்5, உள்ளே போக எஃப்6. நேவிகேட்டர் மாதிரி தனியாக மிதக்கும் ஜன்னலை ஓரத்தில் ஒட்டவோ ஓரத்திலிருந்து பிரிக்கவோ கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்10. தலைப்பு ஸ்டைலுக்கு கன்ட்ரோல் + 1, 2, 3 போதும், ஆல்ட் வேண்டாம். இரண்டு மென்பொருளிலும் மாறி மாறி வேலை செய்கிறவர் தடுமாறுவது ஒரே கீ இரண்டு வேலை செய்யும் இடங்களில்தான். வேர்டில் எஃப்5 அடித்தால் ‘கோ டூ’ பெட்டி, எஃப்11 அடுத்த ஃபீல்டுக்குத் தாவும். லிப்ரே ஆபீஸில் கன்ட்ரோல் + எஃப்6 பிடியை நேராக ஆவணத்துக்குக் கொண்டுவரும், வேர்டில் அதே கீ திறந்திருக்கும் அடுத்த ஃபைலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும். வாடிக்கையாளர் மாறியதுகூடத் தெரியாமல் வேறொருவர் தீசிஸில் தட்டச்சு செய்துகொண்டிருப்போம்.

தமிழில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு மட்டும் உள்ள சிக்கல் ஒன்று உண்டு, ஆங்கிலக் கையேடுகளில் இது இருக்காது. என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதில் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, டைப்ரைட்டர் என்று விசைப்பலகை மாற்றுவது ஆல்ட் + எண்தான். லிப்ரே ஆபீஸின் புதிய பதிப்புகளில் சைடுபாரின் ஒவ்வொரு பகுதியையும் திறப்பதும் ஆல்ட் + எண்தான். ஆல்ட் + 1 அடித்தால் ப்ராப்பர்ட்டீஸ் திறக்க வேண்டியதற்குப் பதில் விசைப்பலகை மாறினால் குழம்ப வேண்டாம், இரண்டு பேர் ஒரே கீக்கு உரிமை கொண்டாடுகிறார்கள், அவ்வளவுதான். அதேபோல விண்டோஸில் கன்ட்ரோலும் ஆல்டும் சேர்ந்தால் அது வலது பக்க ஆல்ட் கீக்குச் சமம். அந்தக் கீயில் கூடுதல் எழுத்து ஒதுக்கியிருக்கும் விசைப்பலகை ஓடிக்கொண்டிருந்தால், கன்ட்ரோல் + ஆல்ட் சேர்ந்த ஷார்ட்கட்டுக்குப் பதில் ஓர் எழுத்து விழ வாய்ப்பு உண்டு. ஆல்ட், டபிள்யூ, கே போன்ற வரிசையும் தமிழ் ஆனில் இருக்கும்போது பிடிபடாமல் போகலாம். இது எல்லாக் கணினியிலும் நடக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். நடந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு அடித்துப் பாருங்கள். எஃப் வரிசைக் கீகளுக்கு இந்தத் தொல்லை பொதுவாக இல்லை, அவற்றில் எழுத்தே இல்லாததால் தமிழ் மென்பொருள் அவற்றைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தமிழ் வேலைக்கு நான் எஃப்6, எஃப்11, ஷிஃப்ட் + எஃப்1 இவற்றையே முதலில் பழகச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

ஆனால் லேப்டாப்பில் எஃப்6 அடித்தால் சத்தம் கூடுகிறது, எஃப்5 அடித்தால் வெளிச்சம் குறைகிறது என்பார்கள். எஃப்என் கீயைச் சேர்த்து அடிக்க வேண்டும், அல்லது எஃப்என் பூட்டைப் போட்டுவிட வேண்டும். பல லேப்டாப்களில் எஃப்என் + எஸ்கேப் அந்தப் பூட்டு, எஸ்கேப் கீயின் மேல் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அதுதான். வேறு சிலவற்றில் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரைக்குள்) போய் மாற்ற வேண்டும்.

கடைசியாக, சொந்தமாகக் கீ அமைப்பது. வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போனால் கீழே கீபோர்டு ஷார்ட்கட்ஸ் என்ற பட்டன் இருக்கும். வியூ டேப் பிரிவில் நேவிகேஷன் பேனுக்கான கட்டளையைத் தேடி உங்களுக்குப் பிடித்த கீயைக் கொடுக்கலாம். ஏற்கெனவே அந்தக் கீ வேறு வேலைக்கு இருந்தால் அங்கேயே காட்டும். இந்த அமைப்பு நார்மல் டெம்ப்ளேட் ஃபைலில் சேமிக்கப்படும், கணினியை ஃபார்மட் செய்யும் முன் அந்த ஃபைலைப் பிரதி எடுத்து வையுங்கள். லிப்ரே ஆபீஸில் டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு. அங்கே சேவ், லோட் என்று இரண்டு பட்டன் இருப்பதால் ஒரு கணினியில் அமைத்ததை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது இன்னும் சுலபம். ஆனால் உங்கள் கடையில் ஒரே கணினியில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறார்கள் என்றால் இதைச் செய்யாதீர்கள். நீங்கள் மாற்றிய கீ மற்றவருக்குத் தெரியாது, அவர் பழகிய கீ வேலை செய்யாது. பொதுக் கணினியில் இயல்பான கீகளே இருக்கட்டும், சொந்தக் கீகளை உங்கள் லேப்டாப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.